அநியாயமான வேலைச் சட்டத்தை எதிர்க்க எந்த வழி? சங்கம், பிரச்சாரம், வழக்கு, வேலைநிறுத்தம்: ஓர் ஒப்பீடு

ஒரகடத்திலும் ஓசூரிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் இருபது வயதுக்காரர்கள் பலர் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். “சட்டமே எங்களுக்கு எதிராக இருக்கிறது. சும்மா இருக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டோம். ஆனால் சங்கத்தில் சேர்வதா, வழக்குப் போடுவதா, வெளியே பேசி மக்களைத் திரட்டுவதா, வேலையை நிறுத்துவதா?” 2025 நவம்பர் 21 அன்று பழைய வேலைச் சட்டங்களை ஒன்றுசேர்த்த ஒன்றிய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்த பிறகு இது ஏட்டளவிலான கேள்வியாக இல்லை.

அந்தத் தொகுப்புகளில் நல்லதே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பதும், குறித்த காலப் பணியாளருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்பதும் இளைஞர்களுக்குப் பயன்படும். ஆனால் ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசிடம் முன் அனுமதி பெற வேண்டிய நிறுவனங்களின் வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்ந்துவிட்டது. 300 பேருக்குக் குறைவான இடங்களுக்கு நிலையாணைகள், அதாவது பணி நிபந்தனைகளை எழுத்தில் வைக்கும் விதிகள், கட்டாயமில்லை. இதைவிட எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் தொழிலாளி என்ற வரையறைக்குள் அப்ரண்டிஸ் எனப்படும் தொழில் பழகுநரையும் சேர்த்திருந்தது. நான்கில் ஒன்றான புதிய தொழில் உறவுகள் தொகுப்பு அவரை வெளியே நிறுத்திவிட்டது. ஆலைகளில் மிகவும் இளையவர்கள் யார் என்று பார்த்தால், அவர்கள்தான்.

எதை வைத்து அளப்பது?

வழியைப் பேசுமுன் ஐந்து கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

முதலாவது, எதிர்க்கும் சட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? மசோதாவா, அரசு அறிவிக்கையா, வரைவு விதியா, நடைமுறைக்கு வந்துவிட்ட சட்டமா? அல்லது இருந்தும் எவரும் மதிக்காத நல்ல சட்டமா? பாதிப் போராட்டங்கள் தோற்பது இதைப் பார்க்காமல் இறங்குவதால்தான் என்பது என் கணிப்பு.

இரண்டாவது, வேலையில் உங்கள் நிலை என்ன? நிரந்தரமா, தகுதிகாண் பருவமா, கான்ட்ராக்டா, தொழில் பழகுநரா, உணவு விநியோகம் போன்ற செயலி வழி வேலையா? ஒரே செயலுக்கு நிரந்தரத் தொழிலாளிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். டிரெய்னிக்கு மறுநாள் வாயிலில் அடையாள அட்டை வேலை செய்யாது.

மூன்றாவது காலம். நான்காவது, தோற்றால் அடி யார் மேல் விழும்? ஐந்தாவது, வென்றால் அந்த வெற்றியை மறு ஆண்டு யார் காப்பார்கள்?

| | சங்கம் | பொதுப் பிரச்சாரம் | வழக்கு | வேலைநிறுத்தம் |
|---|---|---|---|---|
| எந்தக் கட்டத்தில் பலன் | எல்லாக் கட்டத்திலும் | மசோதா, வரைவு விதி, புதிய சட்டம் கோருதல் | அதிகாரம் மீறிய அறிவிக்கை, அமலாகாத சட்டம் | நிறுவனத்தோடு உள்ள தகராறு |
| காலம் | ஆண்டுக்கணக்கு | சில நாள் முதல் பல ஆண்டு வரை | மாதங்கள் முதல் ஆண்டுகள் வரை | வாரங்கள் |
| நேரடிச் செலவு | சந்தா, ஓய்வு நேரம் | குறைவு | வழக்கறிஞர் கட்டணம் அல்லது இலவசச் சட்ட உதவி | ஊதிய இழப்பு |
| மறைமுகச் செலவு | பழிவாங்கல், வீட்டின் நெருக்கடி | முகம் தெரிந்துவிடுவது | தோற்றால் எல்லோருக்கும் கதவு அடைபடும் | அபராதம், சிறை, பணிநீக்கம் |
| வென்றபின் காவல் | உண்டு | இல்லை | தீர்ப்பு மட்டும் | சங்கம் இருந்தால் உண்டு |

தொழிற்சங்கம்

சங்கம் வைக்கும் உரிமை டெல்லியில் யாரோ கனிவுகொண்டு கொடுத்தது என்று பல இளைஞர்கள் நினைக்கிறார்கள். அதன் வேர் பெரம்பூரில் இருக்கிறது. 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் போன்றோர் அதை முன்னின்று நடத்தினர். 1920இல் ஆலை நிர்வாகம் நஷ்டஈடு கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனது; வாடியா உள்ளிட்ட தலைவர்களுக்கு எதிராகத் தடையாணையும் பெற்றது. தொழிலாளர்களை ஒன்றுசேர்ப்பதே வழக்குக்குரிய குற்றமாகிவிடும் என்பது அப்போதுதான் நாடு முழுக்கப் புரிந்தது. சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று மத்தியச் சட்டசபையில் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி குரல் எழுப்பினார். அதன் விளைவே 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம்.

அந்த 1926 சட்டத்தின் இடத்தில் இப்போது தொழில் உறவுகள் தொகுப்பு இருக்கிறது. பதிவுக்கு அந்த நிறுவனத்தின் அல்லது தொழிலின் தொழிலாளர்களில் 10 விழுக்காட்டினர் அல்லது 100 பேர், இவற்றில் எது குறைவோ அந்த அளவு உறுப்பினர்கள் வேண்டும். எப்படியும் 7 பேருக்குக் குறையக் கூடாது. பல சங்கங்கள் உள்ள இடத்தில் 51 விழுக்காடு தொழிலாளர்களின் ஆதரவு பெற்ற சங்கமே தனித்துப் பேச்சுவார்த்தை நடத்தலாம். எந்தச் சங்கத்துக்கும் அந்த அளவு இல்லையென்றால் 20 விழுக்காட்டுக்கு ஒரு பிரதிநிதி என்று பேச்சுவார்த்தைக் குழு அமையும். புதிதாகத் தொடங்கும் சிறு சங்கத்துக்கு இது கடுமையான விதி. ஆகவே ஆலையில் ஏற்கெனவே ஒரு சங்கம் இருந்தால், அதில் குறை இருந்தாலும், உள்ளே போய்ச் சரிசெய்வதே மேல் என்பேன். பிரிந்து போவதால் நிர்வாகத்துக்குத்தான் நிம்மதி.

ஐ.டி. துறையில் சங்கம் வைக்க முடியாது என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அத்துறைக்குத் தொழில் தகராறுகள் சட்டத்திலிருந்து விலக்கு எதுவும் இல்லை, ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016லேயே தெளிவுபடுத்திவிட்டது. கர்நாடகத்தில் ஐ.டி. ஊழியர் சங்கம் இயங்குகிறது. 2024 ஜூலையில் அங்கே ஐ.டி. ஊழியரை ஒரு நாளில் 14 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்தம் பேச்சுக்கு வந்தபோது, முதலில் எழுந்து நின்று அதை ஊருக்குச் சொன்னது அந்தச் சங்கம்தான்.

மறைமுகச் செலவைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். சங்கத்தில் சேர்ந்ததற்காகப் பழிவாங்குவது சட்டப்படி நேர்மையற்ற தொழில் நடைமுறை. ஆனாலும் ஷிப்ட் மாறும், ஓ.டி. நின்றுவிடும், தொலைவான பிரிவுக்கு அனுப்புவார்கள். நிறுவன விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு: ஊரில் இருக்கும் பெற்றோருக்குப் போன் போகும். “உங்கள் பெண் தேவையில்லாத ஆட்களோடு சேர்கிறாள்” என்ற ஒரு வாக்கியம் போதும், அடுத்த பஸ்ஸில் அப்பா வந்து நிற்பார். இதை எதிர்பார்த்து, வீட்டுக்கு முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லி வைப்பது வேலையின் ஒரு பகுதி. சேர்ந்த முதல் மாதமே முன்வரிசையில் நிற்க வேண்டிய கட்டாயமும் யாருக்கும் இல்லை.

நிரந்தரத் தொழிலாளிக்கும், ஒரே இடத்தில் இரண்டு மூன்று ஆண்டு இருக்கப் போகிறவருக்கும் இதுவே முதல் வழி. ஆறு மாதத்தில் வேலை மாறப் போகிறவருக்கு ஆலைச் சங்கத்தைவிடத் துறைச் சங்கமே பொருந்தும்.

பொதுப் பிரச்சாரம்

தமிழ்நாட்டு இளைஞர்களிடம் பிரச்சாரம் என்றாலே 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய மெரினா நினைவு வரும். ஒரு வாரத்துக்குள் அவசரச் சட்டமும் சட்டமும் வந்தன. அதே மாதிரி வேலைச் சட்டத்துக்கும் கூடினால் என்ன என்று கேட்கிறார்கள். அந்தப் போராட்டத்தில் மாநிலத்தின் எல்லாப் பெரிய கட்சிகளும் ஒரே பக்கம் நின்றன. கூடியவர்கள் கேட்டதைக் கொடுத்தால் யாருடைய லாபமும் குறையாது. வேலை நேரத்தையும் ஊதியத்தையும் தொட்டால் எதிர்ப்பக்கத்தில் முதலீட்டாளர்களும் தொழில் கூட்டமைப்புகளும் இருப்பார்கள். அரசின் காதுக்கு அவர்கள் எப்போதும் அருகில் இருப்பவர்கள். எனவே கூட்டம் சேர்வது மட்டும் போதாது; கலைந்த பிறகும் அழுத்தம் கொடுக்க ஆள் வேண்டும்.

இதற்குச் சிறந்த சான்று 12 மணி நேர வேலை மசோதா. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தது. மிகைநேர வேலைக்கு இரட்டை ஊதியம் என்றது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தம், விரும்பும் தொழிற்சாலைகளுக்கு இவற்றிலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தை அரசே எடுத்துக்கொள்ள 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஏப்ரல் 21 அன்று குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது. ஆளும் கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. ஏப்ரல் 24 அன்று அமைச்சர்கள் தொழிற்சங்கங்களோடு பேசினார்கள். அன்றே மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று, சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைச் சென்னையில் கொண்டாடியதன் நூறாவது ஆண்டில், அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

பத்தே நாளில் இது எப்படி நடந்தது? வலைத்தளங்களில் எழுந்த கோபத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார ஆள் இருந்தது. வேலைநிறுத்தம் செய்வோம் என்று சொன்னால் நம்பக்கூடிய அமைப்புகள் இருந்தன. அவைக்குள் உறுப்பினர்கள் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டம் நடைமுறைக்கு வருமுன் பிடித்தார்கள்.

இல்லாத சட்டத்தைக் கொண்டுவரும் பிரச்சாரம் வேறு வகை. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைகளில் நின்றபடியே வேலை பார்த்த பெண்கள், முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு உட்காரும் உரிமைக்காகவும் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பாகத் திரண்டார்கள். விஜி என்ற தையல் தொழிலாளி அதை முன்னெடுத்தார். பல ஆண்டுகள் கழித்து, 2018இல், கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் அதே வழியில் தன் கடைகள் சட்டத்தில் 22ஏ பிரிவைச் சேர்த்தது. நம் ஊர் ஜவுளிக்கடைகளில் காலையிலிருந்து இரவு வரை கால் வீங்க நின்ற பெண்களுக்கு இருக்கை சட்ட உரிமையானது இப்படித்தான்.

பிரச்சாரத்தின் மறைமுகச் செலவு, பேசியவரின் முகமும் பெயரும் என்றைக்கும் வலையில் இருப்பது. அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மனிதவளப் பிரிவு தேடிப் பார்க்கும். சட்டத்தை எதிர்த்துப் பேசுவதில் அஞ்ச ஒன்றுமில்லை. உங்கள் நிறுவனத்தின் பெயர், உற்பத்தி விவரம், உள்ளே எடுத்த வீடியோ இவற்றைக் கலந்தால் நடத்தை விதி மீறல் என்று பிடித்துக்கொள்வார்கள். வரைவு விதிகள் அரசிதழில் வெளியாகும்போது ஆட்சேபம் தெரிவிக்கக் கால அவகாசம் உண்டு. அந்த நாட்களில் அனுப்பும் பெயர் போட்ட கடிதம், ஆயிரம் பகிர்வுகளைவிடக் கனமானது; அது கோப்பில் ஏறும்.

வழக்கு

நீதிமன்றத்தில் எதை வெல்லலாம், எதை வெல்ல முடியாது என்பதை இரண்டு தீர்ப்புகள் காட்டுகின்றன.

2020 ஊரடங்குக் காலத்தில் குஜராத் அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. வேலை நேரத்தை நாளுக்கு 12 மணி வரை நீட்டலாம், கூடுதல் நேரத்துக்கு இரட்டை ஊதியம் தர வேண்டியதில்லை என்றது. தொழிற்சாலைகள் சட்டத்தில் போர், உள்நாட்டுக் கலவரம் போன்ற ‘பொது அவசரநிலை’க்காக உள்ள 5ஆம் பிரிவை அதற்குப் பயன்படுத்தியது. குஜராத் மஸ்தூர் சபா உச்ச நீதிமன்றம் போனது. பெருந்தொற்றும் பொருளாதாரச் சரிவும் அந்தப் பிரிவு சொல்லும் அவசரநிலை ஆகாது என்று கூறி, 2020 அக்டோபர் 1 அன்று நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்தது. வேலை வாங்கிய மிகைநேரத்துக்கு உரிய ஊதியத்தையும் கொடுக்கச் சொன்னது. முதல் அறிவிக்கை ஏப்ரலில். ஆறு மாதத்துக்குள் தீர்ப்பு. ஓர் அரசு தனக்குச் சட்டம் தந்த அதிகாரத்தைத் தாண்டினால் நீதிமன்றம் கூர்மையான கருவி.

அடுத்தது தமிழ்நாட்டுக் கதை. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே அடியில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மிகப் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, அற உரிமையும் இல்லை என்று எழுதிவிட்டது. வேலை மீண்டது, அந்த வரிகள் இன்றுவரை வேலைநிறுத்தங்களுக்கு எதிராக மேற்கோள் காட்டப்படுகின்றன. நான் அட்டவணையில் ‘கதவு அடைபடும்’ என்று எழுதியது இதைத்தான். ஒருவரோ ஐந்து பேரோ சரியான தயாரிப்பு இல்லாமல் தொடுக்கும் வழக்கின் தோல்வி, நாட்டில் உள்ள எல்லோரையும் கட்டும்.

நாடாளுமன்றம் முறைப்படி நிறைவேற்றிய சட்டத்தை, அது அநியாயம் என்பதற்காக மட்டும் நீதிமன்றம் நீக்காது. அரசமைப்புச் சட்டத்துக்கு முரண் என்று நிறுவ வேண்டும். அது நீண்ட பாதை. இளைஞர்கள் தங்கள் முதல் முயற்சியாக அதை எடுக்கக் கூடாது.

பணச் செலவைப் பார்த்துப் பின்வாங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிலகத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும்.

வேலைநிறுத்தம்

2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் செப்டம்பர் 9 முதல் 37 நாள் நடந்த வேலைநிறுத்தம் பலருக்கு ஊக்கம் தந்தது. சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது மையக் கோரிக்கை. வேலைக்குத் திரும்பிய பிறகும் உயர் நீதிமன்றப் படி ஏறி, 2025 ஜனவரியில்தான் சங்கப் பதிவு கிடைத்தது. அடுத்த மாதமே நிர்வாகிகள் பணியிடை நீக்கம் செய்யப்பட, மீண்டும் ஒரு போராட்டம். ஊதியமில்லாத 37 நாள் என்பது வாடகைக்கு அறை எடுத்து, ஊருக்குப் பணம் அனுப்பி, பைக் தவணை கட்டும் ஒருவருக்கு என்னவென்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தச் சுமையைத் தாங்கி நின்றவர்கள் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. அதனாலேயே, யோசிக்காமல் இதில் இறங்குங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை.

புதிய தொகுப்பு இந்த வழியை இன்னும் குறுக்கியிருக்கிறது. முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த முன்னறிவிப்பு விதி, இப்போது எல்லாத் தொழில்களுக்கும் உண்டு. அறிவிப்புக் கொடுத்து 14 நாள் கழியாமல் நிறுத்தக் கூடாது. அந்த அறிவிப்பு 60 நாளுக்குத்தான் செல்லும். சமரச நடவடிக்கை நடக்கும்போதும், முடிந்து 7 நாள் வரையிலும் கூடாது. தொழிலாளர்களில் பாதிப் பேர் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தூண்டியவருக்கு அபராதம் 50,000 ரூபாய் வரை போகும்.

சட்டத்தை எதிர்த்து நடக்கும் பொது வேலைநிறுத்தங்கள் வேறு. தொகுப்புகளில் மூன்று 2020 செப்டம்பரில் நிறைவேறின. ஊதியத் தொகுப்பு அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. 2020 நவம்பரிலும் 2022 மார்ச்சிலும் 2025 ஜூலையிலும் மத்திய தொழிற்சங்கங்கள் நாடு முழுவதும் வேலையை நிறுத்தின. ஆயினும் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஒரு நாள் நிறுத்தம் எதிர்ப்பைப் பதிவு செய்யும். பெரும்பான்மை உள்ள அரசை அது மட்டுமே பணியவைக்காது. நிறுவனத்தோடு உள்ள தகராறில், நிதியும் ஒற்றுமையும் உள்ள சங்கம் கடைசியாக எடுக்க வேண்டியது வேலைநிறுத்தம். தொழில் பழகுநரும் தகுதிகாண் பருவத்தினரும் தாமாக இதைத் தொடங்கக் கூடாது.

உங்கள் நிலையில் எது?

மசோதாவோ வரைவு விதியோ வந்திருக்கிறதா? மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துப் பிரச்சாரத்தில் இறங்குங்கள். இருக்கும் சங்கங்களையும் உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரையும் அந்த வாரமே பாருங்கள். அவசர அறிவிக்கை என்றால், சங்கத்தின் வழியாக வழக்கு.

சட்டம் நன்றாக இருந்து நிறுவனம் மதிக்கவில்லை என்றால், புதிதாக எதையும் எதிர்க்க வேண்டியதே இல்லை. தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம், 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு விவரம் ஆகியவற்றை முதல் நாளிலிருந்து சேர்த்து வைத்தவருக்கே அது பயன்படும்.

நடைமுறைக்கு வந்துவிட்ட சட்டம்தான் எதிரி என்றால், குறுக்குவழி இல்லை. சங்கமாகச் சேர்ந்து, தேர்தலுக்குத் தேர்தல் கட்சிகளிடம் எழுத்துப்பூர்வமாக உறுதி வாங்கி, மாநில விதிகளில் கிடைக்கும் இடத்தையெல்லாம் பிடிக்க வேண்டும்.

தொழில் பழகுநர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் சார்பில் நிரந்தரத் தொழிலாளர் சங்கம் பேசட்டும். அந்தக் கோரிக்கையை அவர்களிடம் கொண்டுபோய் வைப்பது உங்கள் வேலை. அதற்கு முன்னால் ஒரு காகிதத்தைத் தேடுங்கள். சட்டம் வெளியே நிறுத்துவது, தொழில் பழகுநர் சட்டத்தின்படி ஒப்பந்தம் செய்துகொண்டவரை மட்டுமே. நிறுவனம் தன் விருப்பத்துக்கு ‘டிரெய்னி’ என்று அட்டை அடித்துக் கொடுத்து, முழு ஷிப்ட் உற்பத்தி வேலை வாங்கிக்கொண்டு, அப்படி ஓர் ஒப்பந்தமே பதிவு செய்யவில்லை என்றால், நீங்களும் தொழிலாளிதான் என்று வாதாட வலுவான இடம் இருக்கிறது. ஒப்பந்த நகல் கையில் இல்லாதவர்கள் அதை எழுத்தில் கேளுங்கள். கேட்ட தேதியையும் குறித்து வையுங்கள்.